வாழைமரத் தாளும் தீர்ந்த கடனும்

ஸ்காட்லாந்து நாட்டு நீதிமன்றங்களில் 'ரெபெட்டிஷன்' என்றொரு பழஞ்சொல் வழங்குகிறது. ஆங்கிலம் பயின்ற நம்மவர் அதனைக் கேட்டவுடன் 'ஒன்றையே மீண்டும் சொல்லுதல்' என்று பொருள் கொள்வர். பள்ளிச் சிறுவன் வாய்ப்பாட்டை ஒப்பிப்பது அவர் நினைவிற்கு வரும். அந்நாட்டு வழக்கறிஞர் வாயிலோ அச்சொல்லின் பொருள் முற்றிலும் வேறு. கொடுக்க வேண்டாத பணத்தைத் தவறிக் கொடுத்துவிட்டவனும், ஒரு காரியத்தை முன்னிட்டுக் கொடுத்து அக்காரியம் நிறைவேறாமற் போகக் கண்டவனும், அப்பணத்தைத் திரும்பப் பெறுதலே அங்கு ரெபெட்டிஷன் எனப்படும். இலத்தீன் மூலச்சொல்லுக்குத் 'திரும்ப நாடுதல்' என்பது பொருள். 1681-ஆம் ஆண்டில் ஸ்டேர் பிரபு அந்நாட்டுச் சட்டத்தைத் தொகுத்தெழுதியபோதே, காரணம் ஒழிந்த பணம் வாங்கினவன் கையில் தங்குதல் முறையன்று என்னும் கருத்து அதில் இடம்பெற்றுவிட்டது.

இவ்வயல்நாட்டுச் சொல்லை நாம் ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழில் 'கடன்' என்னும் சொல் இரு பொருளைத் தாங்கி நிற்கிறது. வாங்கிய பணமும் கடன். செய்தே தீரவேண்டிய முறைமையும் கடன். ஆதலால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் முறைமையும் நிறைவேறிவிட்டது என்று நம் மனம் உடனே அமைதி கொள்கிறது. முதல் கொடுத்தாயிற்று, வட்டி கொடுத்தாயிற்று, புரோநோட்டைக் கிழித்தாயிற்று, இனி ஒருவர்க்கொருவர் பாக்கியில்லை என்கிறோம். கொடுத்த பணம் பணமாகவே நில்லாது போனால் என் செய்வது? கொடுத்தவனிடமும் குற்றமில்லை, வாங்கினவனிடமும் குற்றமில்லை, இடையே நின்ற தாள் மட்டும் ஒருநாட் காலையில் செத்துப்போயிற்று என்றால், அந்தக் கடன் தீர்ந்ததா, தீரவில்லையா? மலாய் நாட்டின் தென்கோடியிலுள்ள ஜொகூரில் 1942 முதல் 1945 வரை பல்லாயிரவர் வாழ்வில் இவ்வினா எழுந்தது. அங்கே கடன் கொடுத்தோருள் நம் செட்டிநாட்டார் பலர். கடனென்று எழுதாமலே கொடுத்து ஏமாந்தோருள் நம் தோட்டத் தொழிலாளர் பலர். முன்னவரைப் பற்றிச் சட்டம் பேசிற்று. பின்னவரைப் பற்றி யார் பேசினர் என்பதையும் நாம் பார்த்தல் வேண்டும்.

முதலில் ஸ்காட்லாந்தின் வழக்கொன்றைச் சொல்லிவிடுவோம். 1914 மே மாதத்தில், அந்நாள் ஆஸ்திரியாவுக்கு உட்பட்டிருந்த திரியெஸ்த் துறைமுகத்துக் கப்பற் கம்பெனி ஒன்று, கிளைடு ஆற்றங்கரையிலிருந்த தொழிற்சாலையில் கப்பல் இயந்திரங்கள் செய்துதரும்படி ஒப்பந்தம் செய்தது. விலை 11,550 பவுன். கையொப்பமிட்டவுடன் ஐந்திலொரு பங்காகிய 2,310 பவுனைக் கட்டியது. ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. ஆஸ்திரியா பகைநாடாயிற்று. பகைவனுக்கு இயந்திரம் செய்து கொடுத்தல் குற்றமாகையால் ஒப்பந்தம் தானே மாய்ந்தது. யுத்தம் முடிந்தபின் அக்கம்பெனி தன் 2,310 பவுனைத் திருப்பிக் கேட்டது. கீழ் நீதிமன்றங்களைக் கடந்து வழக்கு பிரபுக்கள் சபைக்குச் சென்றது. 1923-இல் அச்சபை, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டியதே என்று தீர்த்தது. இயந்திரம் வரவில்லை; வராததற்கு எவரும் குற்றவாளியல்லர்; ஆயினும் ஒன்றும் கொடாதவன் பணத்தை வைத்துக்கொள்ள நியாயம் ஏது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதே காலத்தில் ஆங்கிலச் சட்டமோ நேர்மாறாக நின்றது. ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைக் காண்பதற்கென லண்டனில் ஒருவர் அறையை வாடகைக்குப் பேசி 100 பவுன் முன்பணம் கட்டினார். மன்னர் நோயுற்றார், ஊர்வலம் நின்றது. 1904-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவர் கட்டிய 100 பவுன் போனது போனதே என்றதோடு, எஞ்சிய 41 பவுன் 15 ஷில்லிங்கையும் அவர் கட்டவேண்டும் என்றது! நட்டம் எங்கே விழுந்ததோ அங்கேயே கிடக்கட்டும் என்பது அவ்விதி. திரியெஸ்த் வழக்கில் ஷா பிரபு, அத்தகைய விதி எத்தர்க்கும் சூதாடிகட்கும் ஏற்றதாகலாம் என்னும் கருத்துப்பட இடித்துரைத்தார். ஆங்கிலேயர் தம் விதியை மாற்றிக்கொள்ள மேலும் பத்தொன்பது ஆண்டு சென்றது. போலந்துக் கம்பெனியொன்று யுத்தத்தால் நின்றுபோன ஒப்பந்தத்திற்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரவேண்டுமென்று பிரபுக்கள் சபை 1942 ஜூன் 15-ஆம் நாள் தீர்ப்பளித்தது.

இந்த நாளை அன்பர்கள் நினைவிற் கொள்க. அதே மாதம் 25-ஆம் நாள் சிங்கப்பூரில் வேறொரு காட்சி நிகழ்ந்தது. ஜப்பானியப் படைத்தலைமை மலாயாவின் சீன மக்களிடம் 5 கோடி வெள்ளி 'காணிக்கை' கேட்டிருந்தது. ஜொகூர் உள்ளிட்ட ஒவ்வொரு மாநிலத்தின் சீனரும் தத்தம் பங்கைச் சேர்க்கவேண்டியிருந்தது. சொத்தை விற்றும் கைப்பொருளைத் திரட்டியும் தொகை நிரம்பவில்லை. குறைந்த பணத்தை ஜப்பானியரின் யோகோஹாமா ஸ்பீஷி வங்கியிலேயே வட்டிக்கு வாங்கி, ஜப்பானியரிடமே காணிக்கையாகக் கொடுத்தனர். பறிப்பவனிடமே கடன் வாங்கிப் பறிகொடுத்த இவ்விந்தைக்கு ஒப்பான ஒன்று உலக வரலாற்றில் வேறு உண்டோ, நாமறியோம். ஒன்றுக்குமில்லாது கொடுத்த பணம் திரும்பவேண்டும் என்று லண்டனில் சொல்லப்பட்டு அப்போது பத்து நாட்களே ஆகியிருந்தன.

இனி ஜொகூருக்கு வருவோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கால்கொண்டனர். ரப்பர் விளைச்சல் பெருகிய நாளில் மூவார், பத்து பகாட், சிகாமட், குளுவாங், ஜொகூர் பாரு ஆகிய ஊர்களிலும் அவர்தம் தொழில் பரவிற்று. முதலாளி செட்டிநாட்டிலிருப்பார். மேலாள் மூன்றாண்டுத் தவணைக்குக் கப்பலேறி வந்து கடையை நடத்துவார். அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் அவர்க்குத் துணை. கிட்டங்கியில் ஆளுக்கொரு பெட்டியும் கணக்கு மேசையும், தரையில் பாயும், பேரேடும் தவிர வேறு ஆடம்பரம் இல்லை. ஐரோப்பியப் பேங்குகள் ஏறெடுத்தும் பாராத சிறு தோட்டக்காரர்க்கு, சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ எவராயினும், நிலத்தின் கிராண்டை ஈடாகக்கொண்டு பணம் கொடுத்தவர் இவரே. வட்டி கடுமையாகத்தான் இருந்தது. அதை நாம் மறைக்கப் போவதில்லை. ஆயினும் காட்டை வெட்டிப் பால்மரம் நட்டவன் மரம் பால் தரும்வரை ஆறேழாண்டு உண்பதற்கு வேறு வழி அந்நாளில் இல்லை என்பதும் உண்மை.

1930-க்குப் பின் வந்த விலைவீழ்ச்சியில் கடன்கள் முடங்கின. பணத்திற்கு ஈடாக நிலமே வந்து சேர்ந்தது. பர்மாவில் இது பெருங்கலகமாக முடிந்தது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் விளையும் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937-க்குள் நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. ஜொகூரில் அவ்வளவுக்குப் போகவில்லை. எனினும் மலாய் மக்களின் நிலம் பிறர் கைக்கு மாறாதபடி 1936-இல் ஜொகூர் அரசு மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டத்தை இயற்றிற்று. இவ்வாறு, யுத்தம் வருமுன்னரே கடன்காரனும் கடன்பட்டவனும் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு நோக்கிய காலம் அது.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் மலாயாவின் வடகரையில் இறங்கினர். 1942 ஜனவரியில் மூவார் ஆற்றங்கரையில் கடும்போர் நடந்தது. ஜனவரி 31-ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜொகூரை விட்டுச் சிங்கப்பூர்த் தீவுக்குப் பின்வாங்கிப் பாலத்தைத் தகர்த்தது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. வந்தவர்கள் துப்பாக்கியோடு நாணயத்தையும் கொண்டு வந்தனர். அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் குலையீன்ற வாழைமரம் வரையப்பட்டிருந்தது. அதனால் மலாய்க்காரர் அதைப் 'பீசாங்' பணம் என்றனர். நம்மவர் வாழைமர நோட்டு என்றனர். பழைய மலாயா வெள்ளியும் புதிய தாளும் ஒரே மதிப்பு என்று ஆணை பிறந்தது. தாளை வாங்க மறுத்தலும் இழித்துப் பேசுதலும் தண்டனைக்குரிய குற்றம். தொடக்கத்தில் வந்த தாள்களில் வரிசை எண் இருந்தது. பின்னர் வந்தவற்றில் அதுவும் போயிற்று. எத்தனை தாள் அடித்தோம் என்று அடித்தவனுக்கே கணக்கில்லாத நிலை ஏற்பட்டால், அத்தாளின் முடிவு என்னவாகும் என்பதை ஊகிக்கப் பெரும் பொருளாதாரப் படிப்பு வேண்டியதில்லை.

பிற்காலத்தில் கணக்கிட்டு வகுத்த மதிப்பு அட்டவணை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. பழைய வெள்ளி 100-க்கு, 1942 டிசம்பரில் ஜப்பான் வெள்ளியும் 100. 1943 டிசம்பரில் 385. 1944 டிசம்பரில் 1,850. 1945 ஆகஸ்டு 12-இல் 10,500. அடுத்த நாளே அதன் மதிப்பு மேலும் அதலபாதாளத்திற் சென்றது.

இவ்வெண்களை ஒரு கடனின் மேல் வைத்துப் பார்ப்போம். யுத்தத்திற்கு முன் ஒருவன் தன் ரப்பர்த் தோட்டத்தை ஈடுவைத்து 1,000 வெள்ளி வாங்கியிருந்தான் என்று கொள்க. 1942 இறுதியில் அவன் 1,000 தாளைக் கொண்டுவந்து கொடுத்தால் கடன் நேர்மையாகத் தீர்ந்தது. 1943 டிசம்பரில் கொடுத்தால், கொடுத்ததன் உண்மை மதிப்பு ஏறக்குறைய 260 வெள்ளி. 1944 டிசம்பரில் 54 வெள்ளி. 1945 ஆகஸ்டின் முற்பகுதியிலோ பத்து வெள்ளிக்கும் குறைவு. ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கை விற்ற பணத்தில் பத்தாண்டுக் கடனைத் தீர்த்துக் கிராண்டை மீட்டுக்கொள்ளக்கூடிய காலம் வந்தது. மீட்டவரும் பலர்.

செட்டியார் மறுக்கலாகாது. மறுத்தால் தாளை இழித்த குற்றம் வந்து சேரும். ஊருக்குப் பணம் அனுப்பவும் வழியில்லை. கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. வந்த தாளைப் பெட்டியில் தேக்கினவர் யாவற்றையும் இழந்தார். உடனே வீடாகவோ நிலமாகவோ மாற்றிக்கொண்டவர் ஒருவாறு தப்பினார். தலைமுறை தலைமுறையாகக் காசுக்குக் காசு கணக்கெழுதிப் பழகிய கை, பொய்யான வரவை மெய்யான வரவாகப் பேரேட்டில் எழுதவேண்டியிருந்தது. வட்டிக்கடையை நாம் எத்துணைக் கடிந்தாலும், கணக்கு என்பதைச் சமயம்போற் போற்றிய ஒரு கூட்டத்தார்க்கு அதனினும் பெரிய தண்டனை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பினர். ஜப்பான் தாள் செல்லாது, அதற்கு ஈடும் இல்லை என்று அறிவித்தனர். ஒரே நாளில் நாட்டின் பணமெல்லாம் குப்பையாயிற்று. சிறுவர்கள் அத்தாளைக்கொண்டு விளையாடினர். ஆனால் அத்தாளால் தீர்க்கப்பட்ட கடன்கள் குப்பைத்தொட்டியிற் போகவில்லை. அவை நீதிமன்ற வாயிலில் வந்து நின்றன. கடன் கொடுத்தோர், எமக்குக் கிடைத்தது தாளேயன்றிப் பணமன்று, ஆகையால் கடன் உயிரோடிருக்கிறது என்றனர். கடன்பட்டோர், அரசாண்டவன் எதைப் பணம் என்றானோ அதைக் கொடுத்தோம், நீரும் வாங்கி ரசீது கொடுத்தீர், இனி என்ன பேச்சு என்றனர். இருவர் வழக்கிலும் நியாயம் இருந்தது.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எடுத்த ஸ்காட்லாந்துச் சொல் எவ்வளவு தூரம் வரும், எங்கே நின்றுவிடும் என்பது விளங்குகிறது. ரெபெட்டிஷன் என்பது பணத்தை வாங்கினவனிடமிருந்து கொடுத்தவனுக்குத் திருப்புவது. இங்கோ குறைபட்டு நிற்பவன் வாங்கினவன். அவன் திருப்பிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. மீண்டும் கொடு என்றுதான் கேட்கவேண்டும். வற்புறுத்தலுக்கு அஞ்சிக் கொடுத்த பணத்தைத் திருப்பவேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு சொல்லுகிறது. 1950-இல் மலாய் மாநிலங்களுக்கென இயற்றப்பட்ட ஒப்பந்தச் சட்டமும் அதனையே தழுவிற்று. இன்றைய மலேசியாவில் அது 73-ஆம் பிரிவாக நிற்கிறது. ஆனால் வற்புறுத்தலுக்கு அஞ்சி வாங்கினவனைப் பற்றி அப்பிரிவு பேசவில்லை. வற்புறுத்தியவனும் கடனாளி அல்லன். இருவர் தலைமேலும் நின்ற ஆட்சி.

ஆகவே தனிச்சட்டம் வேண்டியதாயிற்று. 1948-இல், ஜொகூரும் உறுப்பாயிருந்த மலாயாக் கூட்டாட்சி, ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன்பட்டோர் - கடன்கொடுத்தோர் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன் போக்கு நடுவழியானது. தாளின் மதிப்புக் கெடாத முற்காலத்தில் செலுத்திய தொகையை முழுத் தீர்வாக ஏற்றது. மதிப்புக் கெட்ட பிற்காலத்தில் செலுத்தியவற்றுள் சில வகையை மட்டும் அட்டவணைப்படி குறைத்து மதித்து, எஞ்சியதைக் கேட்க வழிவிட்டது. ஆக்கிரமிப்புக் காலத்திலேயே தாளாக வாங்கிய கடனையும் அதே அட்டவணையால் அளந்தது. 1944 டிசம்பரில் 1,850 தாள் வாங்கினவன் புதிய ஆட்சியில் 1,850 நல்ல வெள்ளி கொடுக்கவேண்டியதில்லை, 100 கொடுத்தாற் போதும். கடன்காரனைக் காத்த அதே அளவுகோல் கடன்பட்டவனையும் காத்தது. இதனை நாம் குறை கூறமாட்டோம்.

பிற நாடுகளும் இவ்வழியே நடந்தன. முதல் உலக யுத்தத்தின்பின் ஜெர்மனியில் காகித மார்க்கு கோடிக்கணக்கில் மலிந்தபோது, அடைமானக் கடனைக் காகிதத்தால் தீர்ப்பது நேர்மையன்று என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1923 நவம்பர் 28-ஆம் நாள் தீர்த்தது. 1925-ஆம் ஆண்டுச் சட்டம் அடைமானங்களைப் பழைய பொன்மதிப்பில் நான்கிலொரு பங்காக மீள மதிப்பிட்டது. நம் நாட்டிலோ சட்டம் மறுபக்கம் சாய்ந்தது. 1938-ஆம் ஆண்டுச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், முதலைப்போல் இருமடங்கு கொடுத்துவிட்ட உழவனுடைய கடன் முற்றும் தீர்ந்ததாகக் கொள்க என்றது. அதுவரை 'பேசிய பேச்சு மாறலாமா' என்று கேட்ட கடன்காரரே, பத்தாண்டு கழித்து மலாயாவில், பேசிய பேச்சை மாற்றியாகவேண்டும் என்று வழக்காடினர். நாம் ஏளனம் செய்யவில்லை. கூலியாகவோ கடனாகவோ தாளை நம்பியவர் எல்லார்க்கும் ஒருநாள் இந்நிலை வருமென்றே சொல்லுகிறோம்.

தாளை நம்பாத வழியொன்று நம் முன்னோர் கண்டிருந்தனர் என்பதை ஈண்டு ஒரு சொல்லால் குறிப்பிடுவது தகும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு என்று விட்டிருக்கிறது. ஆட்டைப் பெற்ற இடையன் நாடோறும் உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு சாகும், குட்டி போடும். கணக்கில் மட்டும் அவை 'சாவா மூவாப் பேராடு'. முதலைத் திருப்பிக் கொடுத்தல் என்பதே அங்கில்லை. காசாக வைத்த அறத்துக்கும் ஆண்டுக்குக் காசொன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை வந்துகொண்டிருக்கும். அரசர் மாறி நாணயம் மாறியபோது காசுப் பொலிசை என்னவாயிற்றோ, உழக்கு நெய் மட்டும் உழக்கு நெய்யாகவே இருந்திருக்கும். அந்த இடையன் தலைமுறைக்கும் கோயிலுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான் என்பதையும் உடன் சொல்லவேண்டும். நெய் குறையாத கடனுக்கு விடுதலையும் இல்லை.

இதுகாறும் கூறியவை எல்லாம் ஈடும் சீட்டும் உடையார் கதை. இனித் தோட்டத் தொழிலாளர் கதை. தமிழ்த் தொழிலாளி கடனோடுதான் முதலில் மலாயாவுக்கு வந்தான். ஒப்பந்தக் கூலிமுறையில் கப்பற் கூலியே அவன் கழுத்தில் கடனாக விழுந்தது. 1907-இல் குடியேற்ற நிதி ஏற்பட்டு, தோட்டத்தார் கட்டிய பணத்திலிருந்து வழிச்செலவு கொடுக்கப்பட்டபின், கடனின்றி வந்து இறங்குதல் என்னும் நிலை தோன்றிற்று. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறையும் ஒழிக்கப்பட்டது. ஆயினும் கங்காணியின் கைமாற்று, கடைக்காரனின் பற்று, கள்ளுக்கடை என்று கடன் வேறு வாயிலால் நுழைந்தது. தொழிலாளி என்றாலே கடனாளி என்று எல்லாரும் எண்ணினர். அவனும் அவ்வாறே எண்ணினான்.

உண்மையை நோக்கினால் அவனே கடன் கொடுத்தவன். விடியுமுன் எழுந்து பால்வெட்டி, மாதம் முழுவதும் உழைத்து, மாதமுடிவிலல்லவா கூலி வாங்குகிறான்? முப்பது நாள் உழைப்பை முன்கூட்டியே கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறான். அக்கடனுக்கு வட்டியில்லை, ஈடில்லை, புரோநோட்டில்லை. செட்டியாரின் ஆயிரம் வெள்ளிக்கு ஒரு கிராண்டு பெட்டியில் இருந்தது. ஆயிரம் பால்வெட்டுக்காரரின் மாத உழைப்புக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அவனுக்குக் கூலியாகக் கொடுத்தது வாழைமரத் தாள். பால்மரத்தை விட்டு மரவள்ளியும் காய்கறியும் பயிரிடச் சொன்ன தோட்டங்களிலும் அதுவே கூலி. மாதத் தொடக்கத்தில் பேசிய கூலி மாத முடிவில் கைக்கு வருகையில் அதன் மதிப்புச் சரிந்திருக்கும். அரிசி வாங்கக் கடைக்குப் போவதற்குள் மேலும் சரிந்திருக்கும். 1943-இலிருந்து ஜொகூர் உள்ளிட்ட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல பதினாயிரம் தமிழரைச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோயினர். கூலி உண்டு, குடும்பத்திற்குப் பணம் வரும் என்று சொல்லியே கொண்டுபோயினர். போனவரில் திரும்பாதவர் எத்தனையோ பேர். திரும்பிவந்தவர் கையில் இருந்ததும் அதே தாள்.

1945 செப்டம்பரில் தாள் செத்தபோது, பானையிலும் தகரப்பெட்டியிலும் சேலைத் தலைப்பிலும் அவர்கள் முடிந்து வைத்திருந்தது எல்லாம் செத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை அவர்களிடம் வரவில்லை. ஏன் வரவில்லை? அச்சட்டம் கடன்பட்டோரையும் கடன்கொடுத்தோரையும் பற்றியது. கூலி அந்தந்த மாதத்தில் கொடுத்துத் தீர்ந்துவிட்டது. கொடுத்தவன் தாளைக் கொடுத்தான், வாங்கினவன் தாளை வாங்கினான், எழுதப்பட்ட பாக்கி ஏதுமில்லை. 1944 டிசம்பரில் 1,000 தாளால் கடன் தீர்க்கப்பட்ட செட்டியார், உண்மையில் வந்தது 54 வெள்ளி என்று நீதிமன்றத்தில் வாதாட வழியேனும் இருந்தது. அதே மாதத்தில் ஐம்பது தாளைக் கூலியாக வாங்கினவனுக்கு உண்மையில் வந்தது இரண்டே முக்கால் வெள்ளிக்கும் குறைவு என்று வாதாட எந்த மன்றமும் இல்லை. அட்டவணை இருவர்க்கும் ஒன்றே. வாயில் ஒருவர்க்கே திறந்தது.

சட்டம் இதற்கு விடை சொல்லக்கூடும். கூலிகளை எல்லாம் மீளக் கணக்கிடப் புகுந்தால் முடிவேது, யார் கொடுப்பது, கொடுக்கவேண்டிய ஆட்சியே தோற்று ஓடிவிட்டதே என்று கேட்கலாம். கேள்வி பொருளுடையதே. கடன் வழக்குகளும் முடிவற்றவையே; அவற்றிற்கு அட்டவணை எழுத நேரமிருந்தது என்பதே நம் மறுமொழி. ஸ்டேர் பிரபுவின் நூலும், 1923-ஆம் ஆண்டுத் தீர்ப்பும், இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஒரே இடத்தில் நிற்கின்றன: கொடுத்தது பணமாகவோ பொருளாகவோ இருந்து, கொடுத்ததற்குச் சான்று இருந்தால் மீட்கலாம். பாலாக வடிந்து புகையறையில் உலர்ந்து கப்பலேறிப் போன உழைப்புக்குச் சான்று எங்கிருந்து வரும்?

பின்னர் நாடுகள் தம்முள் கணக்குப் பார்த்தன. யுத்தகாலக் கொலைகட்காகவும் பறிப்புக்காகவும் சிங்கப்பூர்ச் சீனர் 'இரத்தக் கடன்' என்று பெயரிட்டு 1960-களில் ஜப்பானிடம் கேட்ட தொகை 5 கோடி வெள்ளி. 1942-இல் பறித்த காணிக்கையும் அதே தொகைதான். 1966-இல் பாதி நன்கொடையாகவும் பாதி கடனாகவும் சிங்கப்பூர் அதனைப் பெற்றது. இரத்தக் கடனுக்கு விடையாகவும் ஒரு கடனே வந்தது என்பதை வாசகர் கவனிப்பாராக. மலேசியாவோடு ஜப்பான் 1967 செப்டம்பர் 21-ஆம் நாள் கோலாலம்பூரில் உடன்படிக்கை செய்தது. இசைந்த தொகை 2 கோடியே 50 லட்சம் வெள்ளி. மலாயா முழுவதும், ஜொகூரின் தோட்டங்களும் ரயில் பாதையில் மாண்டவரும் உட்பட, அத்தொகையில் அடக்கம். அது ரொக்கமாக எவர் கையிலும் வரவில்லை. இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. 1968-இல் தோற்றுவிக்கப்பட்ட மலேசியக் கப்பற் கழகம் அவற்றை ஏற்றுக்கொண்டது.